தேர் அறுத்த ஒயரில் வந்த படம்

போன் அடிக்கவில்லை.

சம்பந்தத்தின் கேபிள் ஆபீஸ் மாடியில் அந்தக் கறுப்பு போனையே பார்த்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், கேபிள்காரர் சம்பந்தம், சென்னையிலிருந்து என்னைச் சோதிக்க வந்திருந்த ஒரு பேராசிரியர். வெளியே வைகாசி வெயில். தேர் இழுக்கிறவர்களின் கூச்சல் அலை அலையாக ஜன்னல் வழியே வந்தது. கீழே சம்பந்தத்தின் அண்ணன்மார் தறிகள் ஓய்ந்து கிடந்தன. தேரன்று யார் நெய்வார்கள்?

எங்களுக்கு எதிரே நான்கு சின்ன டி.வி. பெட்டிகள். தேர் சுற்றி வரும் நான்கு ராஜ வீதிகளிலும் பேட்டரியில் ஓட வைத்திருந்த நான்கு காமிராக்களின் படம் அவற்றில் ஓடியது. தேர் எந்த வீதியில் இருக்கிறதோ அந்தப் படத்தை ஊருக்கு அனுப்ப வேண்டியது சம்பந்தத்தின் வேலை.

தேர் கிழக்கு ராஜ வீதிக்குள் வந்துவிட்டது. அந்த வீதியின் கேபிளை ஆட்கள் அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டார்கள். வழக்கப்படி இந்நேரம் படம் போயிருக்க வேண்டும், போன் அலறியிருக்க வேண்டும்.

அடிக்கவில்லை. சம்பந்தம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தார்.

"டோன் இருக்குது மேடம்," என்றார்.

சாமி வந்தால் படம் போகும்

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்த் தேர் உயரமானது. அது போகிற வழியில் ஒயர் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. தேர் ஒரு வீதிக்குள் வருவதற்கு முன் அந்த வீதிக்கு மின்சாரத்தை நிறுத்திக் கம்பியை இறக்குவார்கள். டெலிபோன், கேபிள் ஒயர்களை அவரவர் ஆட்கள் அவிழ்த்து ஓரமாகச் சுருட்டிப் போடுவார்கள். தேர் தாண்டியதும் திரும்ப மாட்டுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து எங்களுக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

தொண்ணூறுகளில் ஊருக்கு கேபிள் டி.வி. வந்த புதிதில், தேரை நேரடியாகக் காட்டப் போவதாக சம்பந்தம் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார். அவர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தறியில் உட்கார மனமில்லாமல் கேபிளில் இறங்கியவர். கூட்டத்தில் போக முடியாதவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள்.

காலி வீதி தெரிந்தது. மோர்ப் பந்தல் தெரிந்தது. பலூன்காரர் தெரிந்தார். தூரத்தில் தேரின் குடை அசைந்து வந்தது. உடனே படம் போயிற்று.

போகாமல் என்ன செய்யும்? தேர் காமிராவுக்கு எதிரே வர வேண்டுமானால் அந்தக் காமிராவின் ஒயரை முதலில் அவிழ்த்தாக வேண்டும். வருடா வருடம் இதே கதை.

"தேர் வர்ற வரைக்கும் நாய், பலூன்காரன் எல்லாம் சூப்பரா தெரியுது மேடம். சாமி வந்தா மட்டும் படம் பூடுது. அன்னிக்கு நான் வாங்கற திட்டு இருக்குதே, அத டேப்பு போட்டு வச்சா கேக்கறவன் ஊர விட்டே ஓடிடுவான்," என்பார் சம்பந்தம்.

எங்கள் வீட்டு கேபிளும் அவருடையதுதான். திட்டியவர்களில் நானும் உண்டு. அவர் அதை ஞாபகம் வைத்திருந்தார், மனுஷன் எதையும் மறக்கமாட்டார்.

"காஞ்சிபுரத்தில் சார்"

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தலைப்பு, தகவல் வலையில் ஓர் இணைப்பு அறுந்தாலும் செய்தி நிற்காமல் போக நெட்வொர்க் கோடிங் என்ற முறையைப் பயன்படுத்துவது. வெளிநாட்டில் சிலர் அப்போதுதான் அதைப் பற்றி எழுத ஆரம்பித்திருந்தார்கள். இந்தப் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால், "அது என்ன புது கோர்ஸா?" என்று கேட்டார்கள்.

வேலை, வீடு, மாமியாரின் ஆபரேஷன், கல்லூரி மாற்றம் என்று வருடங்கள் ஓடின. நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கினேன். கடைசியில், "இதுதான் முடிவு, இனி கிடையாது," என்று சொல்லிவிட்டார்கள். என் ஆய்வைச் சோதிக்கிற குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் ஆய்வேட்டைக் கொடுக்கலாம். ஒருவர் போடாவிட்டாலும் அத்தனை வருட வேலையும் குப்பை.

அந்த ஒருவர்தான் தங்க பிரேம் கண்ணாடிக்காரரான அந்தச் சென்னைப் பேராசிரியர். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். என் கட்டுரையை விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒரு சமயத்தில் ஒரே ஓர் இணைப்புதான் அறுபடும்னு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க. எந்த உலகத்துலம்மா அப்படி வரிசையா, ஒழுங்கா, ஒண்ணொண்ணா அறுபடுது?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யோசிப்பதற்குள் வந்துவிட்டது.

"காஞ்சிபுரத்தில் சார்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். என் கைடு மட்டும் சிரிக்கவில்லை. நான் விளையாடவில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் தேரைப் பற்றிச் சொன்னேன். தேர் ஒன்று, அது ஒரு வீதியில்தான் இருக்கும், அந்த வீதியின் ஒயர்தான் அறும் என்றேன். ஓடுகிற வலையில், ஊரே பார்க்க, செய்து காட்டுகிறேன் என்றேன்.

"வர்றேன். ஒரு நொடி படம் நின்னாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றார் பேராசிரியர்.

ஏழும் ஐந்தும்

அடுத்த நாளே சம்பந்தத்தின் ஆபீசுக்குப் போனேன். எனக்கு அவருடைய வலை வேண்டும், அவருக்குத் திட்டு வாங்காத ஒரு தேர் நாள் வேண்டும். பேரம் உடனே படிந்தது. விஷயத்தை விளக்குவதுதான் பாக்கி.

"ஏழும் அஞ்சும் எவ்வளவு?"

"பன்னெண்டு."

"ஏழு ஒரு ஒயர்ல வருது. அஞ்சு இன்னொண்ணுல. பன்னெண்டு மூணாவதுல வருது. ஏழு வர்ற ஒயரை அவுத்துட்டாங்க. ஏழு என்னன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பன்னெண்டுல அஞ்சு கழிச்சா ஏழு." சம்பந்தம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுக்கா மேடம் இத்தினி வருசம் படிச்சீங்க?"

அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லமாட்டேன். எதை எங்கே கூட்டுவது என்பதில்தான் என் தலைமுடி நரைத்தது. ஆனால் விதை அதுதான். கம்ப்யூட்டர் கூட்டுகிற விதத்தில், நான்கு படங்களைக் கூட்டினாலும் வருவது ஒரு படத்தின் அளவுதான். ஆகவே நான்கு காமிராவுக்கு நான்கு மாற்று ஒயர் வேண்டாம். வீடுகளின் பின்பக்கமாக, தேர் வராத சந்துகளின் மேலே, ஒரே ஓர் ஒயர். அது கிழக்கில் கிளம்பி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒவ்வொரு காமிராவின் படத்தையும் கூட்டிக்கொண்டே ஆபீசுக்கு வந்து சேரும். எந்த வீதி ஒயர் போனாலும், கூட்டலிலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் போனது கிடைத்துவிடும்.

"ஒண்ணு போதுமா?"

"போதும்."

"ஏமாத்த மாட்டீங்களே?"

"நான் ஏமாத்தினா எனக்குத்தான் பட்டம் போகும் சம்பந்தம்."

மூலை

பங்குனியில் இன்னொரு கோவில் தேர் அதே வீதிகளில் ஓடியது. வைகாசிக்கு ஒத்திகை பார்ப்பதுபோல வெறுமனே வேடிக்கை பார்க்கப் போனேன். தலைக்கனம்தான், வேறென்ன? தேர் ஒவ்வொரு ஒயராக அவிழ்க்க வைத்துக்கொண்டு வருவதை, என் கட்டுரைக்கு ஊர்வலம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கிழக்கு வீதி முடிந்து தெற்கு வீதிக்குத் திரும்புகிற மூலையில் தேர் நின்றது. தேர் திரும்புவது லேசான காரியமில்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வடத்தைத் தெற்குப் பக்கம் மாற்றி, நெடுநேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க தேர் இரண்டு வீதியிலும் நிற்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கு வீதி ஒயரும் கீழே கிடந்தது, தெற்கு வீதி ஒயரும் கீழே கிடந்தது.

மறுபடி மறுபடி இரண்டு ஒயரையும் எண்ணினேன். கையிலிருந்த தேங்காய் மூடியைக்கூட எங்கேயோ விட்டுவிட்டேன்.

இந்தத் தப்பை வெளியூர்க்காரர் யாரும் செய்திருக்கமாட்டார்கள். வந்தால் படம் வரைந்து, அளந்து பார்த்திருப்பார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து ஒருவரையொருவர் கேட்பது, "தேர் இப்போ எந்த வீதியில?" என்றுதான். பதிலும் எப்போதும் ஒரு வீதியின் பெயர்தான். மூலையில் நிற்கும்போதும் "கிழக்கு வீதி முடிஞ்சுது" என்போம், "தெற்கு வீதி வந்தாச்சு" என்போம். அந்த ஊர் வழக்கத்தையே நான் கொண்டுபோய்க் குழுவின் முன்னால் வைத்துவிட்டேன்.

இரண்டு ஒயர் ஒன்றாகப் போனால் ஒரு கூட்டல் போதாது. பன்னிரண்டு மட்டும் தெரிந்தால், அது ஏழும் ஐந்துமா, எட்டும் நான்குமா? யாருக்குத் தெரியும்?

போர்வை

சில நாள் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். என் கணவர் கோபாலன் வங்கியில் வேலை பார்த்தவர். நான் முறைத்துக்கொண்டு திரிந்தால் அவருக்குப் பயமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"அறுந்துபோறது ஒயர்தானே வேதா? நீ ஏன் அறுந்துபோன மாதிரி நிக்கறே? வா, போர்வையைப் பிடி," என்றார்.

மொட்டை மாடியில் காய்ந்த பெரிய போர்வை. மழை வருகிற மாதிரி இருந்தது. அவர் அவசரத்தில் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கினார். நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். மூலையைத் தூக்கினதும் அதோடு சேர்ந்து ஒரு நீளப்பக்கமும் ஓர் அகலப்பக்கமும் எழும்பின.

"அடுத்த மூலையைத் தூக்குங்கோ," என்றேன்.

"என்னது?"

"தூக்குங்கோளேன்."

தூக்கினார். மறுபடி ஒரு நீளம், ஓர் அகலம். எந்த மூலையைத் தூக்கினாலும் அப்படித்தான். இரண்டு நீளப்பக்கமும் ஒரு மூலையில் சேரவே சேராது.

மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிரெதிர் வீதிகளை ஜோடி சேர்க்க வேண்டும். கிழக்கையும் மேற்கையும் ஒரு கூட்டல். தெற்கையும் வடக்கையும் இன்னொரு கூட்டல். தேர் எந்த மூலையில் நின்றாலும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத்தான் அவிழ்க்க வைக்கும், இரண்டையும் முடியாது. கிழக்கு போனால் மேற்கை வைத்து மீட்டுவிடலாம். அதே சமயம் தெற்கு போனால் வடக்கு இருக்கிறது. நான்கு மாற்று ஒயர் வேண்டாம், இரண்டே போதும்.

மழை வந்துவிட்டது. போர்வை நனைந்தது. கோபாலன் என்னைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சுட்டியா?"

"கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்போ நாளைக்கு நீ துவை," என்று சொல்லிக் கீழே போய்விட்டார். நான் நனைந்துகொண்டே சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் மழையில் நின்றதில்லை.

மாடிக்கு மாடி

இரண்டாவது ஒயர் என்றதும் சம்பந்தம் தலையில் கை வைத்தார்.

"ஒண்ணு போதும்னீங்களே மேடம்."

"தேர் திரும்பறதை மறந்துட்டேன்."

"நீங்களா? இந்த ஊர்ல பொறந்துட்டா?" என்று சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, நானுந்தான் மறந்துட்டேன். வருசா வருசம் மூலைல ரெண்டு தெருவையும் அவுக்கறது என் ஆளுங்க. எனக்கே தோணல பாருங்க."

சந்துப் பக்கம் ஒயர் இழுப்பதென்றால் மாடிக்கு மாடி அனுமதி கேட்க வேண்டும். முதல் ஒயருக்கே அரை மனதாகத் தலையாட்டியவர்கள். ஒருவர் சாயம் தோய்த்த பட்டை மாடியில் காயப்போடுகிறவர், ஒயரின் நிழல்கூட நூலின் மேல் விழக் கூடாது என்றார். இன்னொருவர், தன் வீட்டு வாசலைத் தேரோடு சேர்த்து டி.வி.யில் காட்டினால் சரி என்றார். சம்பந்தம் எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் சரி என்றார். நூல்காரருக்காக ஒயரைச் சுற்றிக்கொண்டு போனோம். வாசல்காரருக்காகக் காமிராவைக் கொஞ்சம் திருப்பினோம். தேருக்கு முந்தின நாள் மாலை இரண்டாவது கூட்டலும் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது.

ஒயரைப் பிடித்துக்கொண்டு ஒருவர்

ஆக, போன் அடிக்கவில்லை.

கிழக்கு வீதியில் தேர் முழுசாகத் தெரிந்தது. குடை, குதிரை பொம்மைகள், வடம் பிடித்தவர்களின் வேர்த்த முதுகு, எல்லாம். அவிழ்ந்து கிடந்த ஒயரின் படம் அது. மேற்கு வீதியின் காலித் தெருவும் பின்பக்கத்துக் கூட்டலும் சேர்ந்து அதைக் கொடுத்துக்கொண்டிருந்தன.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

தேர் மூலைக்கு வந்தது. முட்டுக்கட்டை போட்டார்கள். சம்பந்தத்தின் ஆள் தெற்கு வீதியிலும் அவிழ்ப்பது தெரிந்தது. நான் நாற்காலியை டி.வி.களுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கிழக்குப் படம் ஓடியது. தெற்குப் படமும் ஓடியது.

"இப்போ எந்த ஒயர் போயிருக்கு?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ரெண்டும் சார்."

"ரெண்டுமா? நீங்க ஒண்ணுதான் போகும்னு சொன்னீங்க."

"மூலையில ரெண்டு போகும் சார். அதுக்கும் சேர்த்துத்தான் செஞ்சிருக்கேன்."

அவர் டி.வி.யைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்க ஆளுங்க அவுத்தாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று எழுந்து, விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாரா? பின்னாலேயே போகலாம் என்று எழுந்தேன். சம்பந்தம் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"போகட்டும் வுடுங்க மேடம். கண்ணால பாத்துட்டு வரட்டும்."

மூலை பக்கத்தில்தான். கொஞ்ச நேரத்தில் கிழக்கு வீதியின் டி.வி.யில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு தங்க பிரேம் கண்ணாடி வந்தது. சட்டையெல்லாம் கசங்கியிருந்தது, நெற்றியில் யாரோ குங்குமம் இட்டிருந்தார்கள். கம்பத்தின் கீழே நின்ற சம்பந்தத்தின் ஆளிடம் ஏதோ கேட்டார். அவன் தரையில் சுருண்டு கிடந்த கேபிளின் முனையை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

பேராசிரியர் அந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒயரைப் பிடித்துக்கொண்டே அடுத்த கம்பம் வரைக்கும் போய், மறுமுனை எங்கும் மாட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டார். மூலையைத் தாண்டிப் போய்த் தெற்கு வீதி ஒயரையும் தூக்கிப் பார்த்தார். திரும்ப வந்து காமிராவுக்கு நேர் கீழே நின்று, அண்ணாந்து அதைப் பார்த்தார்.

பிறகு கிழக்கு வீதிக் கேபிளின் முனையை மறுபடி எடுத்துக் காமிராவுக்கு நேராக உயர்த்திக் காட்டினார். அவர் பிடித்திருந்த அந்த ஒயரில் வர வேண்டிய படத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தேர். அப்போது ஊருக்குப் போய்க்கொண்டிருந்ததும் அதே படம்தான்.

நான் அழுதுவிட்டேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை. அத்தனை வருடங்கள், சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவே போட்ட கணக்குகள், "இன்னும் முடியலையா?" என்று கேட்ட உறவுக்காரர்கள், எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியில் தெரிந்த மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது போன் அடித்தது.

இருவரும் திடுக்கிட்டோம். சம்பந்தம் எல்லா டி.வி.யையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ரிசீவரை எடுத்தார். ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினார்.

"ஏம்பா, கேபிளா? பிள்ளையார்பாளையத்துலர்ந்து பேசறேன்." பெண் குரல். "யாருப்பா அது, ஒயர தூக்கிக்கினு சாமிய மறைச்சிக்கினு நிக்கறது? கண்ணாடி போட்டுக்கினு? அவர கொஞ்சம் நவுரச் சொல்லுப்பா. எவ்ளோ வருசம் கழிச்சி பாக்கறோம்."

சம்பந்தம், "சொல்றம்மா, சொல்றம்மா," என்று வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

தேர் தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு மூலையும் திரும்பி நிலைக்கு வந்தது. படம் ஒரு நொடி நிற்கவில்லை. அதற்குள் பேராசிரியரும் மேலே வந்திருந்தார். ஒரு சொம்பு மோர் குடித்தார். பையிலிருந்து என் ஆய்வுச் சுருக்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மிஸஸ் வேதவல்லி, அந்த மூலைச் சமாசாரம் இதுல இல்லையே. அதுக்கு ஒரு அத்தியாயம் தனியா எழுதுங்க. அதுதான் இதுல பெரிசு," என்றார். பேனாவைத் திறந்து, முழங்கால் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை அதை நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது வாசற்படியில் நின்று சம்பந்தத்திடம் கேட்டார்.

"நான் கீழ போயிருந்தப்போ ஏதாவது கம்ப்ளைன்ட் வந்துதா?"

"ஒண்ணே ஒண்ணு சார்," என்றார் சம்பந்தம். "உங்கள நவுரச் சொன்னாங்க."